வாலில் கொக்கு வரைந்த விமானம்

பலெர்மோ,
12.02.1995

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. நானும் றம்யாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அக்காவின் மகன் றோபேட்டும் அந்தப் புது இடத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் காலையும் மாலையும் மாதாவிடம் கேட்கிறோம். நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். உறையில் எழுதாமல் தபால் போகாது. உள்ளே எங்கும் எழுதமாட்டேன், பயப்படாதீர்கள்.

றம்யா இப்போது வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போலவே கையை ஆட்டி ஆட்டி இத்தாலியன் கதைக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பாதியில் வழுக்கி அந்தப் பாஷைக்குள் விழுந்துவிடுகிறாள். "பப்பாக்கு இன்னும் மீசை இருக்கோ?" என்று கேட்கிறாள். நாலு வருடமாக உங்களைக் காணாத பிள்ளை. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். மழிக்காமல் வாருங்கள்.

நான் பார்க்கும் கிழவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். சிஞ்ஞோர் நுன்சியோ. ஒரேத்தோத் தெருவில் நாலாம் மாடி, கால் இரண்டும் வராது, வாய் மட்டும் நிற்காது. மகள் சிஞ்ஞோரா ஆகத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் நாங்கள் மூன்று பேரும்தான். உங்கள் கடிதம் வந்த அன்று அவரோடு நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

நீங்கள் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய வெறும் ரிக்கற் உறையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அவருக்குச் சூப் சூடாக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், மனுசன் அந்த உறையைக் கையில் எடுத்து, அதில் உள்ள கொக்குப் படத்தை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். கண்ணெல்லாம் தண்ணீர். "இது எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார். என்ரை மனிசன் மத்ரித்துக்கு வரப்போற பிளேன் இது என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கார்சா! எங்கடை கார்சா!" என்றார்.

கார்சா என்றால் அங்கே கொக்கு என்று அர்த்தமாம். கொம்பனிக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருக்கிறதாம். ஆனால் சனம் கொக்கு என்றுதான் சொல்லுமாம். உலகச் சண்டை முடிந்து இங்கே வேலை இல்லாமல் கிடந்த காலத்தில், விமானப் படையில் என்ஜின் பழுதுபார்த்த நுன்சியோ கப்பலேறி அந்த நாட்டுக்குப் போயிருக்கிறார். அந்த நாட்டு அரசாங்கம் அப்போதுதான் சண்டையில் மிஞ்சிய சாமான் விமானம் இரண்டை வாங்கியிருந்ததாம். ஒன்றின் வயிற்றில் துவக்குச் சூட்டு ஓட்டைகள் இருந்தனவாம். தகரம் வெட்டி அடைத்தது இவர்தான். வாலில் முதற்கொக்கைக் கீறியதும் இவர்தானாம். கொக்கின் காலை அளவுக்கு மிஞ்சி நீட்டிக் கீறிவிட்டாராம், விமானி பார்த்துச் சிரித்தாராம், ஆனால் அழிக்க விடவில்லையாம்.

காட்டுக்குள் இருக்கும் உள்ளூர்களுக்கு அப்போது தெரு இல்லை, ஆறு மட்டும்தான். படகில் கிழமைக் கணக்கில் போகும் இடங்களுக்குக் கொக்கு காலையில் போய்ப் பின்னேரம் திரும்புமாம். உப்பு மூட்டை, தையல் மெசின், அம்மை ஊசி மருந்து, பிஷப் ஆண்டவர் எல்லாம் ஏற்றினார்களாம். ஒருமுறை ஒரு பண்ணைக்காரருக்கு நாம்பன் மாடு ஒன்றைச் சாராயம் பருக்கிப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்களாம். காட்டுக்கு மேலே பறக்கும்போது ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அதற்குக் கார்சா என்றே பேர் வைத்தார்களாம். கொக்கு முதன்முதல் பக்கத்துப் பெரிய நாட்டின் தலைநகரில் இறங்கியதை ரேடியோவில் சொன்னபோது சனம் தெருவில் நின்று அழுததாம். "எங்களுக்கும் ஒரு நாடு இருக்கெண்டு அந்தச் சனத்துக்குக் காட்டினது அதுதான்" என்றார்.

உங்களை இடது பக்க யன்னலோடு இருக்கச் சொன்னார். பிளேன் எழும்பினவுடன் ஆறு தெரியுமாம்.

எல்லாவற்றையும் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு வந்தவரிடம், இப்போது அந்தப் பிளேன்கள் எப்படி என்று கேட்டேன். குளிருது, சால்வையை எடு என்றார். அவ்வளவுதான். பிறகு இரண்டு நாளாக அந்தக் கதையே இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டங்களில் இப்போது ஆய்கிறார்கள். நம் ஆட்கள் கனபேர் அங்கே போகிறார்கள். நீங்கள் வந்ததும் முதலில் அதுதான் வேலை. மிச்சத்தை வந்தபிறகு பார்ப்போம்.

மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்திருப்பாளாக.

உங்கள்
எமிலியானா


பலெர்மோ,
05.03.1995

அன்பு அத்தான்,

இந்தக் கடிதத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசியுங்கள். வாசித்துவிட்டு றோபேட்டுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த வீட்டில் உங்களோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் சிஞ்ஞோர் நுன்சியோ என்னைக் கூப்பிட்டு ஒரு நம்பரைச் சுழற்றச் சொன்னார். இலாரியோ என்ற மெக்கானிக். கொக்குக் கொம்பனியில் இவர் கையால் வேலை பழகியவர், நத்தாருக்கு நத்தார் கடிதம் போடுபவர். போனை நான்தான் இவரின் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கும் கேட்டது. ஸ்பானிஷ் எனக்கு விளங்காது. ஆனால் ஒரு ஆள் வெட்கப்பட்டுக் கதைப்பது எந்தப் பாஷையிலும் விளங்கும்.

போனை வைத்தபிறகு, "இரு, மிச்சக் கதையையும் சொல்லுறன்" என்றார். முதல் நாள் சொன்ன மனுசன் மாதிரியே இல்லை.

பட்டாளத்துக்காரர் ஆட்சியைப் பிடித்தபின் ஜனாதிபதியின் மச்சான் கொம்பனிக்குத் தலைவரானாராம். பாண்ட் வாத்தியம் முழங்க ஜெட் விமானங்கள் இரண்டு வந்தனவாம், ஆரோ ஓடி முடித்துவிட்டு விற்றவை. கொம்பனிக் கந்தோர் நாலு மாடியாக எழும்பியதாம். பட்டறையில் ஸ்பானர்கள் குறைந்தனவாம். அதிகாரிகளின் பெண்சாதிமார் சும்மா ஏறி மத்ரித்துக்குச் சட்டை வாங்கப் போனார்களாம். உள்ளூர்களுக்கு மருந்து கொண்டுபோன பழைய விமானங்களைக் கவனிக்க ஆள் இல்லையாம். அதில் ஒன்றைப் பறக்கவிடலாம் என்று ஒப்பமிடச் சொல்லி இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். வேறொருவர் ஒப்பமிட்டார். அந்த விமானம் காட்டுக்குள் போனதுதான். மரங்கள் மூடிக்கொண்டன, ஒரு தகரத் துண்டுகூட எடுக்கவில்லையாம். அந்த வருடமே இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பலெர்மோவுக்கு வந்துவிட்டார்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். ஜெட் இரண்டில் ஒன்று ஓடுபாதையின் முடிவில் புல்லுக்குள் நிற்கிறதாம். மற்றதில் எது பழுதானாலும் இதிலிருந்து கழற்றிப் பூட்டுவார்களாம். கழற்றிக் கழற்றி இப்போது எலும்புக்கூடுதான் மிச்சமாம். இனிக் கழற்ற ஒன்றும் இல்லை என்று இலாரியோ சொன்னாராம். மத்ரித்துக்கு வருவது அந்த மற்றது, அத்தான். நீங்கள் ஏறப்போவது அது.

அப்படியென்றால் ஏன் நிறுத்தாமல் விடுகிறார்கள் என்று கேட்டேன். கொம்பனியை அரசாங்கம் விற்கப்போகிறதாம். பறக்கிற கொம்பனிக்குத்தான் விலையாம். நின்றால் வாங்க ஆள் வராதாம். "விக்குமட்டும் அது பறக்கவேணும், விளங்குதோ?" என்று கிழவர் கேட்டார். இலாரியோ போன மாதம் வேலையை விட்டுவிட்டாராம். கடைசியாக அவர் சொன்னதைக் கிழவர் இரண்டுமுறை எனக்குச் சொன்னார்: "என்ரை பிள்ளையளை நான் அதிலை ஏத்தமாட்டன்."

கீழ்மாடியில் வேலைசெய்யும் சந்திரமதி அக்காவிடம் சொல்லி அழுதேன். அவ நல்லூர்ப் பக்கம், கனகாலம் இங்கே. "கிழடுகள் அப்பிடித்தான் எமிலி, தாங்கள் விட்டுப்போட்டு வந்தால் பிறகு ஒண்டும் சரியில்லை எண்டுங்கள். ஏஜென்சிக்காரன் கைவிட்டால் பிறகு ஆர் உன்ரை மனிசனைக் கூட்டிவாறது?" என்று கேட்டா. அதுவும் நியாயம்தான். ஊரில் சண்டை நின்றிருக்கிறது, பேச்சுவார்த்தை என்கிறார்கள். இந்த அமைதி எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் திரும்பிப் போகவும் இடமில்லை, அங்கே நிற்கவும் விசா இல்லை. எனக்கு எல்லாம் தெரியும்.

ஆனாலும் சொல்கிறேன். அதில் ஏறாதீர்கள். வேறு வழி தேடச் சொல்லுங்கள். பஸ்ஸில் எல்லை கடந்து அடுத்த நாட்டுக்குப் போய் வேறு கொம்பனி விமானம் எடுக்கலாம் என்று கிழவர் சொல்கிறார். வருடம் போனாலும் பரவாயில்லை. எங்கள் சந்தியில் மாபியா குறிவைத்த நீதவான் ஒருவரின் வீட்டுக்கு முன்னால் ஆமிக்காரர் மண் மூட்டை அடுக்கிக் காவல் நிற்கிறார்கள். அதைக் கடந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகும்போதெல்லாம், நீங்கள் பக்கத்தில் நடக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்து பழகிவிட்டேன். இன்னும் கொஞ்சக் காலம் அப்படி நடப்பேன்.

கடிதம் கிடைத்தவுடன் போன் எடுங்கள். மாதா துணை.

உங்கள்
எமிலியானா


பலெர்மோ,
20.03.1995
பக்ஸ் மூலம்

அத்தான்,

இதைப் பங்குச் சுவாமியின் அறையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பக்கத்துக் கன்னியர் மடத்துக்கு இங்குள்ள மெசினில் பக்ஸ் போகும், சிஸ்டர்மார் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள். ஒரு பக்கம்தான் அனுப்பலாம் என்று சுவாமி சொன்னார்.

நேற்று சென் யோசேப்பு திருநாள். நானும் றம்யாவும் பூசைக்குப் போயிருந்தபோது நீங்கள் போன் எடுத்திருக்கிறீர்கள். கிழவர்தான் எடுத்தார். ஏறாதே, ஏறாதே என்று ஸ்பானிஷில் கத்தினாராம். நீங்கள் "சி, சி" என்றீர்களாம். எதற்கு ஓம் சொன்னீர்கள் அத்தான்? விளங்கித்தான் சொன்னீர்களா? நீங்கள் ஸ்பானிஷில் சொன்ன வியாழக்கிழமை என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. மற்றதெல்லாம் நீங்கள் தமிழில் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் போட்ட கடிதம் உங்களுக்கு வந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. அதனால் திரும்பச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஏறாதீர்கள். ஏஜென்சிக்காரர் வெருட்டினாலும் ஏறாதீர்கள். அந்த விமானம் பறக்கத் தகுதி இல்லாதது. அதைப் பழுதுபார்த்த ஆட்களே சொல்கிறார்கள். உங்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

எமிலியானா


பலெர்மோ,
02.04.1995

என் அத்தானுக்கு,

நீங்கள் இருக்கிறீர்கள். இதை ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

அந்த வியாழனுக்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், இலாரியோவிடமிருந்து போன் வந்தது. நான் குசினி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிழவர் கனநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கடல் தாண்டுவதற்கு முன் எண்ணெய் நிரப்ப இறங்கும் இடத்தில் அது நெடுநேரம் நின்றதாம். என்ஜினைத் திறந்து ஏதோ செய்தார்களாம். பிறகு மூடிக்கொண்டு எழும்பியதாம். மத்ரித்தில் ஆட்கள் பூங்கொத்தோடு நின்றார்களாம். வரவில்லை. விடிய மீன்பிடிகாரர் சிலர் கடலில் விமானக் கதிரை மெத்தைகள் மிதக்கக் கண்டார்களாம்.

அன்று முழுவதும் நான் உங்களைச் செத்தவராக வைத்திருந்தேன். றம்யாவைச் சந்திரமதி அக்காவிடம் அனுப்பிவிட்டுக் கறுத்தச் சட்டையை எடுத்துச் சுருக்கம் போக மினுக்கினேன். என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் போன் எடுத்தீர்கள். "எமிலி, நான் ஏறேல்லை" என்றீர்கள். நான் சந்தோசத்தில் கத்திவிட்டேன். கிழவர் அறைக்குள் இருந்து என்ன, என்ன என்று கேட்கும் அளவுக்குக் கத்தினேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே நீங்கள், "என்ரை இடத்திலை றோபேட் ஏறிட்டான்" என்றீர்கள். அந்தச் சொல் எனக்கு விளங்க முன்பே லைன் போய்விட்டது. நான் கத்தியதுதான் உங்கள் காதில் கடைசியாக விழுந்திருக்கும். அத்தான், அது உங்களுக்காகக் கத்தியது. மற்றதை நான் அப்போது கேட்கவில்லை. இதை நம்புங்கள்.

சிஞ்ஞோர் நுன்சியோவிடம் சொன்னேன். முதலில் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு, ஆர் அந்தப் பொடியன் என்று கேட்டார். என் அக்கா யோசப்பினின் மகன், இருபத்திமூன்று வயது, வயரிங் வேலை தெரிந்தவன், என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவான் என்றேன். அவனுடைய முறை அடுத்த மாதம்தான், என் மனிசனின் இடம் காலியானதால் ஏஜென்சிக்காரர் அவனைக் கூப்பிட்டிருப்பார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நான் ஒரு ஆளுக்குத்தான் கத்தினன்" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை கொக்கைப் பற்றியோ தன் பழைய காலத்தைப் பற்றியோ ஒரு கதையும் இல்லை. சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். சிஞ்ஞோரா ஆகத்தா டொக்டரைக் கூட்டிவந்து காட்டினாள்.

கொம்பனியை மூடிவிட்டார்களாம். நாலு மாடிக் கந்தோருக்குப் பொலிஸ் பூட்டுப் போட்டிருக்கிறதாம். உள்ளூர்ச் சனம் வந்து வாசலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகிறதாம். அன்று விமானத்துக்குள் பிறந்து கொக்கின் பெயரைப் பெற்ற அந்தப் பெண்ணும் இப்போது பேரப்பிள்ளை கண்டவளாம், அவளும் வந்து நின்றாளாம். இங்கே பத்திரிகையில் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். இத்தாலியர் யாரும் அதில் இல்லை என்று முடித்திருந்தார்கள்.

றோபேட்டும் அதில் இல்லை, அத்தான். அவன் வேறு ஒருவரின் பாஸ்போட்டில் அல்லவா ஏறினான். அந்த நாட்டுக்கும் ஸ்பெயினுக்கும் எங்கள் நாட்டுக்கும் றோபேட் என்று ஒருவன் அந்த விமானத்தில் போகவில்லை. அக்காவின் கதவைத் தட்டிச் சொல்ல ஒருவரும் போகப்போவதில்லை. அவன் அதோடு போய்விட்டது உங்களுக்கும் எனக்கும் கிழவருக்கும் மட்டும்தான் தெரியும். ஏஜென்சிக்காரர் வாய் திறக்கமாட்டார்.

அக்கா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் லொட்ஜில் இருந்துகொண்டு, கொமினிகேஷன் கடைக்குப் போய் ஒன்றுவிட்ட ஒரு நாள் எனக்குப் போன் எடுக்கிறா. வியாழக்கிழமை ஏறப்போகிறான் என்று றோபேட் அவவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். "அம்மா, சித்தப்பா தன்ரை இடத்தை எனக்குத் தந்திட்டார்" என்று சொன்னானாம். அதைச் சொல்லிச் சொல்லி உங்களை வாழ்த்துகிறா. "பேனாட் தங்கமான மனிசன், எமிலி. தான் பிந்திப் போறன் எண்டு பிள்ளையை முந்தி அனுப்பியிருக்கிறார்" என்கிறா. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வந்திட்டானோ என்று கேட்கிறா. இன்னும் இல்லை அக்கா என்கிறேன். வழியில் எங்கேயாவது பிடித்து வைத்திருப்பார்களோ என்று கேட்கிறா. இருக்கும் அக்கா என்கிறேன். நேற்று, பலெர்மோவில் குளிரோ, அவனிடம் தடித்த உடுப்பு இல்லை, வந்தவுடன் ஒன்று வாங்கிக் குடு என்றா. அதற்கும் ஓம் என்றேன்.

எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லும்போது அவ கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். அதே கேள்வியைத்தான் நானும் எட்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அதுதான், கிழவருக்கு முகம் துடைக்கும்போதும் அதுதான்.

நான் மார்ச் முதற்கிழமை போட்ட கடிதத்தில் றோபேட்டுக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். அது உங்களுக்கு வந்துசேர்ந்ததா என்று தெரியாது. பக்ஸில் இடம் போதாமல் உங்களுக்கு மட்டும் எழுதினேன். சிஸ்டர் அதை உங்கள் கையில்தான் தந்ததாகச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறா. நீங்கள் அதை வாசித்தபின்தான் ஏறமாட்டேன் என்று ஏஜென்சிக்காரரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

றோபேட்டிடம் சொன்னீர்களா?

சொல்லியும் அவன் கேட்காமல், அந்த வயதுப் பிள்ளைகளைப் போலச் சிரித்துவிட்டு ஏறியிருக்கலாம். அவன் அப்படிப்பட்டவன்தான். அல்லது உங்களுக்குச் சொல்ல நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம். எல்லோரும் பயந்துவிட்டால் ஏஜென்சிக்காரர் உங்களை எல்லாம் தெருவில் விட்டுவிடுவார் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். நான் அங்கே இல்லை. அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

பதிலை எழுதவேண்டாம். றம்யா இப்போது தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், உங்கள் கடிதம் வந்தால் முதலில் அவள்தான் பிரிக்கிறாள். போனிலும் சொல்லவேண்டாம். பஸ்ஸோ, கப்பலோ, எவ்வளவு காலம் எடுத்தாலும் சரி, இங்கே வந்து, என் முகத்தைப் பார்த்து, ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லுங்கள். அதுவரை அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இல்லை என்றாலும் வாருங்கள். நான் கதவைத் திறப்பேன்.

மடு மாதா உங்களைத் தரையிலும், எங்கள் பிள்ளையைத் தண்ணீருக்குள்ளும் கைவிடாமல் இருப்பாளாக.

உங்கள்
எமிலியானா